ஆரி ஃப்ரேமுக்கு அடியில் போகிற கைக்கு எந்த வைரம்?

நிச்சயத்துக்கு நாள் குறித்த அன்றே, மோதிரத்தில் ஒற்றைக்கல் வைரம் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் அத்தை. அத்தை என்றால் என்னவருடைய, அதாவது மாப்பிள்ளையுடைய அம்மா. "தாலிக்கொடி எங்க இஷ்டத்துக்குச் செய்யறோம். மோதிரம் காலத்துக்கும் உன் விரல்ல கிடக்கப் போறது. நீயே பார்த்து எடுத்துக்க கண்ணு" என்றார். ஒன்றரை லட்ச ரூபாய்க்குள் முடிக்கலாம் என்று பேசிக்கொண்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கி வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கல் என்ன வடிவம் என்று முடிவு செய்யவே எங்களுக்கு இரண்டரை மாதம் பிடித்தது. அதில் தெரிந்துகொண்டதை, மோதிரம் எடுக்கப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் ஆரி வேலை செய்கிறேன். கல்யாணப் பெண்களுக்கு ப்ளவுஸ். ஒன்பது வருடமாக இதுதான் தொழில். ஆரி வேலையைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வருவதெல்லாம் இதைச் சுற்றித்தான். பட்டுத்துணியை ஃப்ரேமில் மத்தளம் மாதிரி இழுத்துக் கட்டியிருப்போம். வலது கை மேலிருந்து கொக்கி ஊசியைக் குத்தும். இடது கை துணிக்கு அடியில் நூலைப் பிடித்துக்கொண்டு, இறங்கி வரும் கொக்கியில் மாட்டிவிடும். அந்த இடது கையை வேலை செய்கிறவளால் பார்க்க முடியாது. துணியின் அடிப்பக்கத்தை உரசியபடி நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும். மோதிரம் ஏறப்போவது அந்தக் கையில்.

வேலை நேரத்தில் கழற்றி வைத்துவிடலாமே என்று எல்லோரும் கேட்டார்கள். நான் தினமும் எட்டு மணி நேரம் ஃப்ரேமில் உட்காருகிறேன். விழித்திருக்கும் நேரத்தில் பாதி டப்பாவிலேயே கிடக்கிற மோதிரம் எனக்கு வேண்டாம். கழற்றிக் கழற்றி வைக்கிற நகைதான் தொலையும் என்பதும் எங்கள் வீட்டு அனுபவம்.

கல் வடிவங்கள் எனக்குப் புதிதில்லை. ப்ளவுஸில் ஒட்டித் தைக்கும் குந்தன் கற்களில் எல்லாமே உண்டு. வட்டம், சதுரம், திலகம், கண் வடிவம், முட்டை வடிவம் என்று பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி வைத்திருப்பேன். வைரக் கடையில் திலகத்தைப் பேர் என்பார்கள், கண் வடிவத்தை மார்க்கீஸ் என்பார்கள், முட்டையை ஓவல் என்பார்கள். எனக்கு என்றைக்கும் பிடித்தது கண் வடிவம்தான். ஐந்து கண் கல்லைச் சுற்றி வைத்தால் பூ, இரண்டை வைத்தால் இலை. அதனால் மார்க்கீஸ் எடுப்பது என்று கடைக்குப் போவதற்கு முன்பே மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, அது பிடிக்கவில்லை. அவருக்கு வைரம் என்றால் உருண்டைக் கல்தான். அவருடைய ஏழு கல் தோடு, பின்பக்கம் மூடிய கட்டு. வாங்கும்போது ஒரு வாரம் வீட்டில் வைத்திருந்து, கல் சேருகிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தார்களாம். காகபாதம், விந்து, ரேகை என்று கல்லின் குற்றங்களுக்கு அவர் சொல்லும் பெயர்கள் எல்லாம் எவ்வளவோ பழையவை. கல்லை உற்றுப் பார்த்து வாங்க வேண்டும் என்ற பழக்கத்தை நான் அவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். வடிவத்தில் மட்டும் என் வழிக்குப் போனேன்.

முதல் நாள் கிராஸ்கட் ரோட்டில் ஒரு பெரிய கடை. 45 சென்ட் மார்க்கீஸ் ஒன்றைக் காட்டினார்கள். நூறு சென்ட் ஒரு காரட், ஒரு காரட் 200 மில்லிகிராம். 45 சென்ட் என்பது ஒரு சிட்டிகை உப்பின் எடைகூட இருக்காது. ஆனால் அந்தக் கல் 8 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் நீளம் இருந்தது. என் விரல் குட்டை, கொஞ்சம் பருமன். அந்தக் கல்லை வைத்ததும் விரலே நீண்டுவிட்டது போலத் தெரிந்தது. நீளமான வடிவங்கள் எல்லாமே, ஓவலோ பேரோ மார்க்கீஸோ, குட்டை விரலுக்கு இந்த நன்மையைச் செய்யும். அட்வான்ஸ் கொடுக்க என்னவர் பர்ஸை எடுத்துவிட்டார். கடையிலிருந்தே திருப்பூரில் இருக்கும் அக்காவுக்குப் படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "முனை இருக்கிற கல்லை எடுக்காதே. என்னோடதைப் பார்த்தாயல்லவா?"

அக்காவுடையது பிரின்சஸ், அதாவது நான்கு கூர் மூலை உள்ள சதுரம். கல்யாணமாகி நான்காவது வருடம், சிங்க்கில் பாத்திரத்தைத் தூக்கும்போது கிரானைட் விளிம்பில் மோதிரம் இடித்து ஒரு மூலை தெறித்துவிட்டது. உடைந்த துண்டு கிடைக்கவில்லை. கடையில் மறுபடி பட்டை தீட்டித் தருவதாகச் சொன்னார்கள், எடை குறையும் என்றார்கள். அவள் அப்படியே போட்டுக்கொண்டிருக்கிறாள்.

வைரம் உடையுமா என்று அப்போது நாங்கள் எல்லோருமே அதிர்ந்துபோனோம். உடையும். வைரத்தின் மேல் கீறல் போட இன்னொரு வைரத்தால்தான் முடியும், அதுதான் அதன் கடினம். ஆனால் கடினம் வேறு, அடி தாங்குவது வேறு. விறகு நாரோட்டத்தில் கோடரி விழுந்தால் பிளக்கிற மாதிரி, வைரத்துக்கும் உள்ளுக்குள் பிளவுத்திசை நான்கு உண்டு. 1905-இல் தென்னாப்பிரிக்காவில் 3,106 காரட் எடையில் கல்லினன் என்ற வைரம் கிடைத்தது. 1908-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் அதைப் பிளந்தது இந்தத் திசையைப் படித்துத் தட்டித்தான். தெரிந்தவர் தட்டினால் கோஹினூரைவிடப் பெரிய கற்கள் பிறக்கின்றன. தெரியாமல் சிங்க்கில் தட்டினால் மூலை போய்விடுகிறது. கூர்முனையில் கல் மெலிந்திருப்பதால் ஆபத்து முதலில் வருவது அங்கேதான். பிரின்சஸ், பேர், மார்க்கீஸ், ஹார்ட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அவற்றைத்தான் எடுப்பது என்றால், முனைகளை ஆங்கில வி எழுத்து மாதிரி மடித்து மூடும் ப்ராங், அதாவது கல்லைப் பிடிக்கும் உலோகக் கொக்கி, இருக்க வேண்டும். அக்காவின் மோதிரத்தில் ப்ராங்குகள் மூலையை விட்டுவிட்டுப் பக்கவாட்டைப் பிடித்திருந்தன. வாங்கும்போது யாரும் அதைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அட்வான்ஸ் கொடுக்காமல் வந்தோம். வழியில் என்னவர் ஒரு யோசனை சொன்னார். அவர் பம்ப்செட் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறார். எதையும் ஓட்டிப் பார்க்காமல் பாஸ் செய்யாத ஆள். "ஒரு டம்மி போட்டுப் பார்த்திரலாம்" என்றார். டவுன்ஹால் பக்கம் ஒரு வெள்ளிக் கடையில் மார்க்கீஸ் வடிவ அமெரிக்கன் டைமண்ட் வைத்த வெள்ளி மோதிரம் வாங்கினோம். சில நூறு ரூபாய்தான் ஆனது. இந்த இரண்டரை மாதத்தில் செய்த செலவுகளிலேயே மிகப் பயனுள்ளது அதுதான் என்று இன்றும் சொல்வேன். வைரம் எடுக்கப் போகிறவர்கள் யாராக இருந்தாலும், நினைத்திருக்கும் வடிவத்தில், கிட்டத்தட்ட அதே அளவில், வெள்ளியில் ஒன்று வாங்கிப் பத்து நாள் கழற்றாமல் போட்டுப் பாருங்கள். தூங்கும்போதும் சமைக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் போட்டிருங்கள்.

எனக்குப் பத்து நாள் தேவைப்படவில்லை. நான்காம் நாள், மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு ப்ளவுஸ் ஃப்ரேமில் இருந்தது. வாடிக்கையாளர் காஞ்சிபுரம் சேலையிலிருந்து வெட்டிக் கொடுத்த துணி. அடியில் இடது கையை நகர்த்தும்போது மெல்லிய சத்தம் கேட்டது. எந்தச் சத்தத்தைக் கேட்டால் ஆரிக்காரிக்கு வயிறு கலங்குமோ அந்தச் சத்தம். கல்லின் முனை ஒரு பட்டு இழையைக் கவ்வி இழுத்துவிட்டது. மேல்பக்கம் ஒரு விரற்கடை நீளத்துக்குத் துணி சுருங்கிக் கோடு விழுந்தது. இழையை ஊசியால் தடவித் தடவி உள்ளே தள்ளி, அந்த இடத்தில் வரைபடத்தில் இல்லாத ஒரு கொடியை ஓட்டி மறைத்தேன். வாடிக்கையாளரிடம் நடந்ததைச் சொல்லித்தான் கொடுத்தேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் அன்றிரவு தூக்கமில்லை. மார்க்கீஸ் ஆசை அன்றோடு முடிந்தது.

அடுத்து அம்மிச்சி சொன்ன உருண்டைக்கே வந்தோம். உருண்டையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 57 பட்டைகள், அடிமுனையில் இருக்கும் குட்டிப் பட்டையையும் சேர்த்தால் 58. ஆன்ட்வெர்ப்பில் பிறந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-இல் வெளியிட்ட கணக்கில், எந்தக் கோணத்தில் பட்டை தீட்டினால் உள்ளே போன வெளிச்சம் திரும்ப மேலேயே வரும் என்று காட்டினார். இன்றைய உருண்டை வைரம் அந்தக் கணக்கின் வழியில் வந்ததுதான். வேறு எந்த வடிவமும் அந்த அளவுக்கு மின்னாது. மின்னல்தான் முக்கியம் என்றால் யோசிக்காமல் உருண்டையை எடுங்கள். விலை கூடுதல், ஏனென்றால் உருண்டையாகத் தீட்டும்போது கச்சாக் கல்லில் பாதிக்கு மேல் தூளாகப் போய்விடும். அதே எடையில் ஓவலோ குஷனோ பெரும்பாலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

உருண்டைக்கும் ஒரு வெள்ளி டம்மி போட்டேன். முனை இல்லைதான், ஆனால் நான்கு ப்ராங் வைத்து உயரமாகத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். துணிக்கு அடியில் அந்த உயரம் கூடாரம் போட்டது போல உரசியது. ப்ராங் நுனிகள் நூலைப் பிடித்தன. வடிவம் மட்டும் பார்த்தால் போதாது, கல் விரலிலிருந்து எவ்வளவு உயரத்தில் உட்காருகிறது, எது அதைப் பிடித்திருக்கிறது என்பதையும் வடிவத்தோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

மற்ற வடிவங்களைச் சீக்கிரம் தாண்டிவிட்டோம். ஹார்ட் சின்ன அளவில் ஹார்ட் என்றே தெரியவில்லை. குஷன், தலையணை மாதிரி மூலை மழுங்கிய சதுரம், அழகாக இருந்தது, ஆனால் என் விரலை இன்னும் அகலமாகக் காட்டியது. எமரால்டு கட் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தது. அதன் பட்டைகள் கோயில் குளத்துப் படிக்கட்டுகள் மாதிரி வரிசையாக உள்ளே இறங்கும். மினுமினுப்பு குறைவு. தண்ணீருக்குள் பார்ப்பது போல அமைதியாக இருக்கும். ஆனால் தெளிந்த குளத்தில் அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற மாதிரி, உள்ளே இருக்கும் புள்ளியும் தெரிந்துவிடும். எங்களுக்குக் காட்டிய கல் தெளிவில் எஸ்.ஐ.1 தரம். நடுவில் ஒரு கரும்புள்ளி, லென்ஸ் இல்லாமலே என் கண்ணில் பட்டது. அதே எஸ்.ஐ.1 புள்ளி உருண்டையிலோ ஓவலிலோ இருந்திருந்தால் பட்டைகளின் மினுக்கத்தில் பெரும்பாலும் மறைந்திருக்கும். எமரால்டு கட் எடுப்பவர்கள் தெளிவுத் தரத்துக்குக் கூடுதல் பணம் ஒதுக்க வேண்டும், குறைந்தது அதற்கு ஒரு படி மேலான வி.எஸ்.2 பார்க்க வேண்டும். எங்கள் பட்ஜெட்டில் அது கல்லை மிகவும் சின்னதாக்கிவிடும்.

ஆக ஓவல். விரலை நீட்டிக் காட்டும், முனை கிடையாது, மின்னல் உருண்டைக்கு அடுத்தபடி. இனி எளிது என்று நினைத்தோம். உண்மையில் ஓவலில்தான் அதிகம் பார்த்து வாங்க வேண்டியிருந்தது.

இன்னொரு கடை. பெயர் வேண்டாம். அங்கே விற்பனையாளர் ஒரு ஓவலுக்கு ஜி.ஐ.ஏ. என்ற வைர ஆய்வகம் கொடுத்த சான்றிதழை நீட்டி, "கட் எக்சலண்ட் போட்டிருக்கு பாருங்க மேடம்" என்றார். என்னவர் வாங்கிப் படித்தார். எக்சலண்ட் என்று இருந்தது பாலிஷுக்கும் சமச்சீருக்கும்தான். கட் என்ற வரியே அதில் இல்லை. நாங்கள் வாங்கியபோது ஜி.ஐ.ஏ. கட் தரம் போட்டது நிறமற்ற உருண்டை வைரங்களுக்கு மட்டும். ஓவல், பேர், மார்க்கீஸ் எதற்கும் அந்த வரி இல்லை. அதாவது ஓவலில் வெட்டு நன்றாக இருக்கிறதா என்பதைத் தாள் சொல்லாது, நம் கண்தான் சொல்ல வேண்டும். விற்பனையாளர் தெரிந்து சொன்னாரா தெரியாமல் சொன்னாரா என்று நான் ஆராயவில்லை. கல்லை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். வெளியே எடுக்க முடியாது என்றார்கள். கடைக்குள் தலைக்கு மேல் வரிசையாகக் குட்டிக் குட்டி ஸ்பாட்லைட்டுகள். அதன் கீழே என்னுடைய இருபது ரூபாய்க் குந்தன் கல்லும் மின்னும். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

கடைசியில் ராஜ வீதிப் பக்கம், பின்னாலேயே பட்டறை வைத்திருக்கும் ஒரு சின்னக் கடையில் அமர்ந்தோம். அவர்கள் ஜன்னல் ஓரத்தில் ஒரு மேசையும் வெள்ளைத் தாளும் போட்டுக் கொடுத்தார்கள். வெயில் நேராக விழாத, வெளிச்சம் பரவலாக இருக்கிற இடம். மோதிரத்தில் ஏறாத உதிரிக் கற்களாக ஐந்து ஓவலை மடிப்புத் தாளில் வைத்துக் காட்டினார்கள்.

பார்த்ததும் ஒரு விஷயம் தெரிந்தது. ஐந்தில் மூன்றின் நடுவில் குறுக்காக ஒரு கருநிழல். உடுக்கையைப் படுக்க வைத்த மாதிரி, நடுவில் ஒடுங்கி இரண்டு பக்கமும் விரிந்த நிழல். கடைக்காரர் அதை போ-டை என்றார். ஓவல், பேர், மார்க்கீஸ் போன்ற நீண்ட வடிவங்களில் பட்டைகளின் கோணம் ஓரத்துக்கு ஓரம் மாறுவதால், நடுவில் சில பட்டைகள் வெளிச்சத்துக்குப் பதில் குனிந்து பார்க்கிறவரின் தலை நிழலைத் திருப்பிக் காட்டுகின்றன. கொஞ்சமாவது இல்லாத ஓவல் அபூர்வம். கல்லை மெதுவாக இடமும் வலமும் சாய்க்கும்போது நிழல் வெளுத்து மின்னினால் பரவாயில்லை. எப்படிச் சாய்த்தாலும் கறுப்பாகவே நின்றால் அந்தக் கல் வேண்டாம். கையை முழுதாக நீட்டி, மற்றவர்கள் பார்க்கும் தூரத்தில் வைத்தும் பார்க்க வேண்டும். இரண்டு கற்கள் அப்படியே கழிந்தன.

மிச்சத்தில் போட்டி இரண்டுக்கு நடுவில். ஒன்று 52 சென்ட், இன்னொன்று 48 சென்ட். பெரியதையே எடுத்துவிடலாம் என்றேன். என்னவர் சான்றிதழில் இருந்த அளவுகளை நோட்டில் எழுதினார். 52 சென்ட் கல் 5.9க்கு 4.3, ஆழம் 3.2 மில்லிமீட்டர். 48 சென்ட் கல் 6.2க்கு 4.4, ஆழம் 2.75. எடை அதிகமான கல்தான் மேலிருந்து பார்க்கச் சின்னது. "எடைக்குத்தான் காசு வாங்கறாங்க, கண்ணுக்குத் தெரியறது பரப்பு. இந்தக் கல்லு வயித்துல எடையை வச்சிருக்குது" என்றார். அடிவயிறு பெருத்த கல்லுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணம் மோதிரத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. அகலத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுக்கு ஆழம் 74 சதவீதம், மற்றதுக்கு 62 சதவீதம். வீட்டில் அவர் கிராப் தாளில் சரியான அளவில் வரைந்து வெட்டிக் கொடுத்ததை என் விரலில் ஒட்டிப் பார்த்தேன். 48 சென்ட் ஓவல், 50 சென்ட் உருண்டையைவிடக்கூடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. 50 சென்ட் உருண்டை விட்டம் 5.1 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. 50, 100 போன்ற முழு எண்ணைத் தொட்டவுடன் ஒரு சென்ட்டுக்கான விலையே ஏறிவிடும். 48க்கும் 50க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பில்லில் தெரியும்.

எடுத்த கல் ஹெச் நிறம் (நிறமே இல்லாத டி-யில் தொடங்கும் வரிசையில் ஐந்தாவது), தெளிவில் வி.எஸ்.2. நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஓவலின் இரண்டு கோடிகளிலும் மஞ்சள் சாயல் கொஞ்சம் திரண்டு தெரியும், அதனால் கோடிகளைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் மஞ்சள் தங்கத்தில் கட்டுவதாக இருந்தால் டி, ஈ என்று மேல் நிறத்துக்குப் பணம் கொட்டுவதில் அர்த்தமில்லை. சுற்றியிருக்கும் தங்கமே கல்லுக்குள் தன் நிறத்தைக் கொடுத்துவிடும். ஹெச் எங்களுக்கு வெள்ளையாகவே தெரிந்தது. ஆய்வகத்தில் வளர்த்த வைரத்தையும் பார்த்தோம். அதுவும் வைரமேதான், அதே பணத்தில் இரண்டு மடங்குக்கு மேல் பெரிய கல் கிடைத்திருக்கும். அதன் விலை சில வருடங்களாக இறங்கிக்கொண்டே வருவதால் அத்தை தயங்கினார், நான் அவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டேன். அதை எடுப்பவர்களுக்கும் வடிவம் பற்றி மேலே சொன்ன எல்லாம் அப்படியே பொருந்தும்.

கட்டும் முறையைப் பட்டறைப் பத்தரோடு உட்கார்ந்து பேசினேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் அவருக்கு. நான் ஆரி வேலை எப்படிச் செய்கிறேன் என்று மேசைத்துணியை இழுத்துப் பிடித்துக் காட்டினேன். என் இடது கை அடியில் நகர்வதைக் குனிந்து கவனித்தார். "அப்ப ப்ராங்கே வேண்டாம்மா. கல்லைச் சுத்தி வரப்பு கட்டிரலாம்" என்றார். வரப்பு என்றுதான் சொன்னார். கடைக்காரர்கள் பெசல் என்பது அதைத்தான். மெல்லிய தங்கப் பட்டை கல்லின் இடுப்பைச் சுற்றி முழுக்க அணைத்து, விளிம்பின் மேல் லேசாக மடிந்து உட்காரும். நூல் மாட்ட இடமே இல்லை, அடி பட்டாலும் தங்கம் தாங்கிக்கொள்ளும். விளிம்பு கொஞ்சம் மூடுவதால் கல் ஒரு மயிரிழை சின்னதாகத் தெரியும், பக்கவாட்டிலிருந்து வரும் வெளிச்சமும் குறையும். அந்த இழப்பை அறிந்தே ஒப்புக்கொண்டேன்.

கல்லை விரலுக்குக் குறுக்காக வைக்கலாமா என்று கேட்டேன், அப்படி ஒரு மாதிரி பார்த்திருந்தேன். அவர் வேண்டாம் என்றார். என் கை துணிக்கு அடியில் விரல் நுனிப் பக்கமாகத்தான் நுழைகிறது. நீளவாக்கில் வைத்தால் ஓவலின் வளைந்த கோடி ஓடத்தின் மூக்கு மாதிரி நூல்களை விலக்கிக்கொண்டு போகும், குறுக்கே வைத்தால் அகலப் பக்கம் முட்டும். அதே மாதிரி, கல்லின் அடிமுனை விரலைத் தொடாத அளவுக்கு மட்டும் உயரம் விட்டு மிகவும் தாழ்வாகக் கட்டினார். இதிலும் ஆழம் குறைந்த கல் உதவியது. 3.2 மில்லிமீட்டர் ஆழக் கல்லாக இருந்திருந்தால் மோதிரம் அந்த அளவுக்கு உயர்ந்திருக்கும்.

முழுக்க வரப்பு கட்டிவிட்டால் சில விஷயங்களைப் பிறகு பார்க்க முடியாது. சான்றிதழ் எண்ணை லேசரில் பொறித்திருப்பது கல்லின் இடுப்பில், தங்கம் அதை மூடிவிடும். எடையும் போட முடியாது. அதனால் கட்டுவதற்கு முன்பே 10 மடங்கு லென்ஸில் அந்த எண்ணைப் படித்துச் சான்றிதழோடு ஒப்பிட்டோம், தராசில் வைத்து 48 சென்ட் பார்த்தோம், புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது என்று படம் எடுத்துக்கொண்டோம். கல் ஏறும் நாளில் நான் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன். பத்தர் அதைத் தவறாக நினைக்கவில்லை. "பார்த்துக்கிட்டாத்தான் எனக்கும் நிம்மதி" என்றார்.

தங்கம் 18 காரட். 22 காரட் மென்மை, ஒற்றைக்கல்லைப் பல வருடம் பிடித்து வைக்க 18தான் நல்லது என்று பத்தரும் சொன்னார். மோதிரத்தின் உள்பக்கம் பி.ஐ.எஸ். முத்திரை, 750 என்ற எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இடக் குறியீடான ஹெச்.யூ.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தனி அடையாளம்) மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் தங்கத்தின் எடையும் கல்லின் எடையும் தனித்தனியாக இருக்க வேண்டும். 48 சென்ட் என்றால் 96 மில்லிகிராம். அதைத் தங்க எடையோடு சேர்த்துவிட்டால் கல்லுக்கு ஒருமுறை, தங்கமாக ஒருமுறை என்று இரண்டு தடவை பணம் போகும். விரல் அளவைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை எடுத்தோம். எனக்கு மாலையில் ஃப்ரேமிலிருந்து எழும்போது விரல் வீங்கியிருக்கும், அரை நம்பர் வித்தியாசம் வந்தது. பெசல் மோதிரத்தைப் பிறகு பெரிதாக்கும்போது கட்டு நெகிழக்கூடும் என்பதால் இதில் அவசரப்படவில்லை.

மோதிரம் கைக்கு வந்து பதினொரு மாதம் ஆகிறது. இதுவரை ஒரு நூலைக்கூட இழுத்ததில்லை. ஒரு குறையைச் சொல்ல வேண்டும். வரப்புக்கும் கல்லுக்கும் நடுவில், அடிப்பக்கத்தில், அழுக்கு சேர்கிறது. வைரத்துக்கு எண்ணெய்ப்பசை ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. சுரங்கங்களில் கிரீஸ் தடவிய பலகையில் நொறுக்கிய பாறையைத் தண்ணீரோடு ஓடவிட்டு, ஒட்டி நிற்கும் வைரத்தைப் பிரித்தெடுத்த காலம் உண்டு. தேங்காயெண்ணெய்க் கையோடு இரண்டு நாள் இருந்தால் கல் மங்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு, குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ், அடிப்பக்கத்திலிருந்து தேய்த்தால் ஐந்து நிமிடத்தில் பழைய ஒளி வந்துவிடும். வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளித்த பிறகு இதைச் செய்வது எனக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

அம்மிச்சியிடம் முதன்முதலாகக் காட்டியபோது, ஜன்னலுக்குக் கொண்டுபோய்க் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார். "உருண்டைதான், கொஞ்சம் இழுத்து விட்டிருக்காங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த வெள்ளி மார்க்கீஸ் மோதிரத்தை நான் தூக்கிப் போடவில்லை. நிச்சயத்துக்கு என் ப்ளவுஸை நானே தைத்தேன். மோதிரம் வாங்கப் போன அன்று பத்தரிடம் கொடுத்து அந்தக் கல்லை மட்டும் கழற்றி வாங்கி, இடது கைப் பூவின் நடுவில், இரண்டு கோடிகளையும் ஜரிகையால் மூடித் தைத்திருக்கிறேன்.